அம்மா வேஷத்தை நான் தடுத்து நிறுத்திய விவரம்

தாதர், பம்பாய்.

மதிப்பிற்குரிய மைத்துனர் யஷ்வந்த்ராவ் ஃபட்னிஸ் அவர்களுக்கு, பெயரில் மட்டும் வக்கீலாகிய பல் வைத்தியன் ஸோலி வக்கீல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இந்தூரில் தாங்களும் அண்ணியாரும் காலை அவல் போஹாவையும் ஜிலேபியையும் நன்றாக மென்று, நன்றாகச் செரித்து, சௌக்கியமாக இருக்க எங்கள் பார்ஸி அக்னி கோயிலில் வேண்டிக்கொண்டேன். இங்கே நான் சுமார். தங்கள் தங்கை வத்சலா மிகவும் சௌக்கியம். விஷயமே அதுதான்.

"வத்சலா மறுபடி நடிக்கிறாளாம், அதுவும் அந்தத் தேஜ்பாலுக்கு அம்மாவாக. மானம் போகிறது. உடனே நிறுத்தவும்" என்று தாங்கள் போட்ட உத்தரவு கிடைத்தது. தங்கள் கோபம் நியாயமானது. அந்நாளில் அவளுக்கு ஜோடியாக நடித்த தேஜ்பாலுக்கு வத்சலா அம்மா என்றால் சிரிப்புத்தான் வரும். அவருடைய கீழ்த்தாடை வெகுகாலமாக என் பராமரிப்பில் இருக்கிறது. பல்லைப் பார்த்து வயதை வெளியே சொல்வது எங்கள் தொழிலுக்கு அழகல்ல என்பதால், அவர் தங்களைவிட மூத்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தாங்கள் வத்சலாவின் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஆகவே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிர்காவ் அத்தை வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஸ்ரீகண்ட் இனிப்பு பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணை ஒரு டைரக்டர் பார்த்தார், ஒரு ஜோசியர் 'வத்சலா என்ற பெயர் ஓடாது' என்றார், பெண் சந்திரிமா ஆகிவிட்டாள், பிறகு அவளுக்கு நீச்சல் தெரியுமா என்று ஒருவரும் கேட்காமல் ஏரியில் குதிக்கச் சொன்னார்கள், மூழ்கி எழுந்தவளிடம் "மூச்சுத் திணறல் தத்ரூபம்மா!" என்று கைகொடுத்தார்கள், மரத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள், தேஜ்பால் அவளைத் தூக்கிக்கொண்டு மலையேறினார், பாதி மலையில் போட்டுவிட்டார், அதுவும் படத்தில் இருக்கிறது. ஒரு பாட்டின் நடுவே அவளுக்கு வலது கடைவாய்ப் பல் வீங்கிக் கன்னம் பன் மாதிரி ஆகிவிட்டது. மிச்சப் பாட்டை இடது பக்கமாகவே எடுத்தார்கள். பம்பாய்க் கல்லூரிப் பெண்கள் எல்லாம் அதைப் புதுமோஸ்தர் என்று நினைத்து ஒரு வருஷம் கழுத்தைத் திருப்பியே நடந்தார்கள். அந்தப் பல்லைப் பிடுங்கியவன் அடியேன். அவள் வலியில் என் கையைக் கடித்தாள், நான் கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்த எங்கள் கல்யாணத்துக்குத் தாங்கள் வரவில்லை. சினிமாவும் பார்ஸியும் சேர்ந்தால் யாருக்குத்தான் தாங்கும்?

சரி, உத்தரவுக்கு வருகிறேன். முதலில் கார்ச் சாவியை அரிசி டப்பாவில் ஒளித்தேன். அவள் தேடவே இல்லை, டாக்ஸியைக் கூப்பிட்டாள். டிரைவர் "சந்திரிமாஜி!" என்று அலறி, மீட்டரைப் போடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டான். மறுநாள் அவள் கிளம்புகிற நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன். அவள் கைப்பையை வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஸோலி, இருதயம் இடது பக்கம் இருக்கு. நீங்க ஈரலைப் பிடிச்சுண்டிருக்கீங்க. இன்னொண்ணு, அவசரப்படறீங்க. முதல்ல மூச்சு நிக்கணும், அப்புறம் கை வரணும், கடைசியிலதான் முகம். எங்கே, இன்னொரு தரம்?"

இன்னொரு தரம் செய்தேன். "பரவாயில்லை, பொழைச்சுப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நான் செருப்போடு பின்னால் ஓடி, தாங்கள் எழுதிய வார்த்தையையே சொன்னேன்: "மானம் போகுதுன்னு எழுதியிருக்கார் வத்சலா!"

அவள் நின்றாள். "அண்ணா ஒரு படமாவது பார்த்தாரா? பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் ஒரு படத்துலயாவது பேசினேனா? பாடினது வேற யாரோ, நான் வாயைத்தான் அசைச்சேன். 'மாட்டேன் போ', 'நாளைக்கு வரேன்', அவ்வளவுதான் என் வசனம். இப்போ பக்கம் பக்கமாப் பேசக் கொடுத்திருக்காங்க ஸோலி. தலை நரைச்சப்புறந்தான் கொடுப்பாங்கன்னா, நரைச்சுட்டுப் போகட்டும்."

ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே? அவளுக்காக வாசலில் நின்ற டாக்ஸியில் நானும் ஏறி, அங்கே போய் நிறுத்தலாம் என்று ஸ்டுடியோவுக்கே போனேன்.

காட்சி என்னவென்றால், தேஜ்பால் ஓடிவந்து, "அம்மா! நான் பி.ஏ. பாஸ் பண்ணிட்டேன்!" என்று காலில் விழ வேண்டும். ஓடிவந்தார், விழுந்தார். வார்த்தை வரவில்லை. மறுபடி ஓடினார், மறுபடி வரவில்லை. அப்புறம் முழங்காலும் பிடித்துக்கொண்டது. தரையில் இருந்தபடியே டைரக்டரைப் பார்த்து, "எப்படிப்பா கூப்பிடுவேன்? இவங்களைத் தூக்கிண்டு மலை ஏறினவன் நான்" என்றார். விக்கு நழுவியிருந்தது, குரல் உடைந்திருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. வத்சலா குனிந்து விக்கைச் சரிசெய்தாள்.

"பாதி மலைதானே ஏறினீங்க தேஜ்பால்ஜி? மீதிக்கு நான் தூக்கறேன், வாங்க."

தூக்கிவிட்டாள் அண்ணா! அந்த மனுஷன் குழந்தை மாதிரி அவள் தோளில் சாய்ந்து "அம்மா" என்றார். அதற்குப் பிறகு அவள் பேசினாள். பக்கம் பக்கமாக, ஒரு தடவைகூட நிற்காமல். நான் கட்டிக்கொண்டவளிடம் இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. விளக்குப் பிடிக்கிறவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நிறுத்தப் போனவன் எழுந்து நின்று கைதட்டி, ஒலிப்பதிவைக் கெடுத்து, டைரக்டரிடம் திட்டு வாங்கினேன்.

ஆகவே தங்கள் உத்தரவை என்னால் இயன்றவரை நிறைவேற்றியிருக்கிறேன். இந்தச் சினிமாவோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, என் மானத்துக்கு ஒரு பங்கமும் வர விடமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். அண்ணியாருக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி, தங்கள் மேல்வரிசைப் பற்களுக்கு என் தனிப்பட்ட அன்பு.

இப்படிக்குக் கீழ்ப்படிதலுள்ள,
ஸோலி

பின்குறிப்பு: இறந்துபோன அப்பாவின் படம் ஒன்று சுவரில் மாட்டத் தேவைப்பட்டதாம், தேஜ்பாலுக்கு அப்பாவாகும் முகவெட்டு எனக்கு இருக்கிறது என்று டைரக்டர் சொல்லிவிட்டார். நெற்றியில் குங்குமம் இட்டு, சந்தனமாலை போட்டுத் தொங்குகிறேன். வத்சலா என்னைப் பார்த்து அழுத அழுகை இருக்கிறதே, உயிரோடு இருக்கும்போது எனக்குக் கிடைத்ததே இல்லை. படம் தீபாவளிக்கு இந்தூரிலும் வருகிறது. முதல் நாளே போய்விடுங்கள், அண்ணா. இடைவேளைக்குப் பிறகு நான் அடிக்கடி வருகிறேன்.