திப்டூர் பஸ் போயிடுச்சா?

ஜயநகர், பெங்களூர்
வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி மைத்துனன் புட்டமல்லுவுக்கு, உன் அக்காள் புருஷன் ஹொன்னய்யா பாவா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காளும் மகள் ஸ்பூர்த்தியும் சுகம். அங்கே உன் சுகத்தையும், உன் விசாரணை ஜன்னலின் சுகத்தையும், எனக்குப் பின் நீ உட்காரும் அந்த ஆடுகால் நாற்காலியின் சுகத்தையும் அறிய ஆவல்.

நீ கோபமாக இருக்கிறாய். செவ்வாய்க்கிழமை, உன் வார விடுப்பு நாளில், நம்மூர் பஸ் நிலையத்தில் உன் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நான் ஓர் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்ததை டீக்கடைக்காரன் உன்னிடம் சொல்லி, நீ உன் அக்காளுக்குப் போன் போட்டு, "முப்பத்தோரு வருஷம் சோறு போட்ட ஜன்னலுக்கு பாவாவே பலகை வெச்சு ஆணி அடிக்கிறாரா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து எனக்கு உப்பில்லாத ரவை உப்பிட்டுதான். நடந்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டுத் திட்டு.

மனுஷன் பொத்தானைத் தொட்டால் மெஷின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யோசிப்பதுதான் ஸ்பூர்த்தியின் ஆபீஸில் வேலை. பஸ் நிலையங்களில் விசாரணைக்கு மெஷின் வைக்கும் பொறுப்பு அவர்களுக்கு வந்திருக்கிறது. அனுபவஸ்தன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். உன் வேலைக்கு உலை வைக்கும் காரியம் என்று தெரிந்தது. மறுத்திருக்கலாம். ஆனால் யோசனையை எங்கிருந்து, எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்கிற ஆசை என்னை விடவில்லை.

முதல் விதி, யார் என்ன சொன்னாலும் "இல்லை" என்று சொல்லக் கூடாது. "ஆமா, அதோட..." என்று ஆரம்பித்து மேலே ஒன்றைச் சேர்க்க வேண்டும். புட்டமல்லு, "இல்ல, போயிடுச்சு" என்பதைத் தவிர முப்பத்தோரு வருஷத்தில் நான் வேறென்ன பேசினேன்? குடுமி வைத்த சுஹாஸ் என்ற பையன் மெஷின் பாட வேண்டும் என்றான். நாக்கு நுனி வரை வந்த "இல்லை"யை விழுங்கிவிட்டு, "ஆமா, அதோட ஆடவும் செய்யட்டும்" என்றேன். கைதட்டினார்கள். அந்த உற்சாகத்தில் வீட்டிலும் பழகிப் பார்த்தேன். உன் அக்காள், "ஒரு மாசம் தம்பி வீட்ல இருந்துட்டு வரட்டா?" என்றாள். "ஆமா, அதோட ரெண்டு மாசமா இரு" என்றேன். பாதி உப்பு அன்றைக்கே குறைந்துவிட்டது, மீதிதான் உன் போனால்.

மறுநாள் எட்டு நிமிஷத்தில் எட்டுக் கட்டத்தில் எட்டு யோசனை வரையச் சொன்னார்கள். நான் எட்டிலும் நம் ஜன்னலையே வரைந்தேன். "எல்லாம் ஒண்ணுதானே சார்?" என்றான் சுஹாஸ். "ஒண்ணா? இது மழை நாள், இது கரண்ட் போனப்ப, இது கோயில் ஜாத்ரைக் கூட்டம். நல்லாப் பாருப்பா" என்றேன். பார்த்தான், எட்டையும் தனித்தனியாக வெட்டிச் சுவரில் ஒட்டினான். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போனது.

அப்புறம் இருப்பதிலேயே மோசமான யோசனையை எழுதச் சொன்னார்கள். மோசத்தைத் தலைகீழாகத் திருப்பினால் நல்லது கிடைக்குமாம். சுஹாஸ் கேள்வி கேட்பவர் கையைக் கடிக்கும் மெஷின் என்று எழுதினான். நான், மனசில் இருந்ததை நுழைக்க இதுதான் சந்து என்று, "ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, அதில் புட்டமல்லு" என்று எழுதினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இதுதான் சார் மகா மோசம்!" என்று எனக்கு ஒரு மத்தூர் வடை பரிசு. சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் தின்னவில்லை, சுஹாஸிடமே கொடுத்துவிட்டேன்.

கடைசியாகத்தான் அந்தப் பெட்டி. மெஷினைச் செய்வதற்கு முன் மெஷின் இருப்பதுபோல் நடித்துப் பார்ப்பார்களாம். வெளியே வரைந்த பொத்தான்கள், உள்ளே நான். ஆள் தொட்டால் ஓட்டை வழியாகச் சீட்டு நீட்ட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. பஸ் இலாகா அதிகாரிகள் இரண்டு பேர் தள்ளி நின்று பார்த்தார்கள். முதலில் வந்த அம்மாள் எதையும் தொடாமல் ஓட்டையில் வாயை வைத்து, "ஏம்ப்பா, திப்டூர் பஸ் போயிடுச்சா?" என்றாள். எங்கே, எப்போது, எந்த நடைமேடை, எல்லாவற்றுக்கும் பொத்தான் உண்டு, போயிடுச்சாவுக்கு இல்லை. எந்தச் சீட்டை நீட்டுவது என்று நான் தேடினேன். "ஐயோ, போயிடுச்சு போலருக்கே!" என்று அவள் குரல் உடைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"போகலம்மா, மூணாவதுல நிக்குது. ஓடாத, மெதுவாப் போ."

"நீ நல்லா இருக்கணும் மெஷினு!"

அவ்வளவுதான், பின்னால் வரிசை கட்டிவிட்டது. சிரா போயிடுச்சா, மதுகிரி போயிடுச்சா, பச்சைச் சேலை கட்டின என் வீட்டுக்காரி போயிட்டாளா! நாற்பத்திரண்டு பேர், ஒருவர்கூட எப்போது வரும் என்று கேட்கவில்லை. ஸ்பூர்த்தி குனிந்து, "ஏம்ப்பா யாருமே எப்ப வரும்னு கேக்கல?" என்றாள். "வீட்லேர்ந்து ஓடி வர்றவங்களுக்கு ஒரே பயம்தானேம்மா" என்றேன். முப்பத்தோரு வருஷம் காதில் விழுந்த கேள்வி எனக்கு அன்றைக்குத்தான் கேட்டது.

அன்று சாயங்காலமே அவள் மோசமான யோசனைக் குவியலிலிருந்து உன் பெயர் எழுதிய என் சீட்டைத் தேடி எடுத்துச் சுவரின் நடுவில் ஒட்டி, கீழே "ஆமா, அதோட அவர் மேஜையில் எந்த பஸ் நிற்கிறது, எது கிளம்பிவிட்டது என்று காட்டும் ஒரு திரை" என்று எழுதினாள். நேற்று அதை அதிகாரிகளிடம் விளக்கினாள். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்களாம். ஆகவே வேலை போயிடுச்சா என்று இனி நீ கேட்க வேண்டாம். போகவில்லை, மூணாவதில் நிற்கிறது! யுகாதிக்கு அவசியம் வா. நீ வந்தால்தான் அக்காள் ஒப்பட்டுப் போளி தட்டுவாள், எனக்கும் உப்பு கிடைக்கும்.

உனக்கும் குழந்தைகளுக்கும் நஞ்சுண்டேஸ்வரன் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஹொன்னய்யா

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது அதிகாரிகளின் உத்தரவு வந்தது. ஸ்பூர்த்தி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை பார்த்த மெஷின் பிரமாதம், அசல் மனிதனைப் போலவே பேசுகிறது, எதையும் மாற்றாமல் நாற்பது நிலையங்களிலும் அதையே வைக்கவும் என்று எழுதியிருக்கிறார்கள். உன் நாற்காலி பத்திரம், ஜன்னல்தான் போயிடுச்சு. எதையும் மாற்றக் கூடாதென்றால் உள்ளே ஆள் வேண்டுமே, திங்கள் முதல் நீ பெட்டிக்குள். மூச்சு விடும் ஓட்டை என் உயரத்துக்கு வெட்டியது, உனக்கு நெஞ்சுக்குத்தான் வரும். மறக்காமல் ஒரு கத்தி கொண்டு போ.