ஆட்சேபம் சார் வராத கூட்டம்

சாவு வீட்டில் எல்லாரும் 'தங்கமான மனுஷன்' என்று மூக்கைச் சிந்தும்போது, 'எனக்கு அதில் சம்மதமில்லை' என்று சொன்ன ஒரே ஆளை அனகாபுத்தூரில்தான் பார்த்திருக்கிறேன். டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். தெருவில் அவருக்குப் பெயர் ஆட்சேபம் சார்.

நான் அஞ்சாங்கிளாஸோடு படிப்பை விட்டவன். சிமெண்ட் மூட்டை தூக்கி, சிமெண்ட் கடை வைத்து, மூணு மாடி கட்டியவன். தெரு நலச்சங்கத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக நான்தான் தலைவர். நான் பேசினால் முப்பது வீடும் 'சரிண்ணா' என்னும். இவர் மட்டும் கையைத் தூக்குவார். தெருவிளக்கா, கை. நாய்க்கு ஊசியா, கை. ஒருநாள் பொறுக்காமல், "இந்தத் தபா நீங்க குடுத்த ஐடியாவைத்தான் தீர்மானமா போட்டிருக்கேன் சார்" என்றேன்.

"நான் சொன்னப்போ நல்லா இருந்தது. நீங்க சொல்றப்போ எனக்குச் சம்மதமில்லை."

எனக்கு ரத்தம் கொதித்தது.

போன ஐப்பசியில் ஒரு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. எனக்குக் கொண்டாட்டம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசு போட்டால் நாலு நாளில் முடியும், தெருவுக்கு ஆட்சேபணை இல்லையென்று எழுதிக் கொடுங்கள் என்று காண்டிராக்டர் கேட்டிருந்தான். "இன்னா சொல்றீங்க?" என்றேன். வாயை மூடுவதற்குள் 'சரிண்ணா'.

ரோடு உசந்தது. வீடெல்லாம் பள்ளமானது. முதல் மழைக்கே என் ஹாலில் செருப்பு மிதக்குது.

"ஒருத்தனுக்குக்கூடவாடா தோணல?"

"நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்ணா" என்கிறான் எதிர்வீட்டுக்காரன். அத்தனை பேரையும் அறையலாம் போலிருந்தது. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்சேபம் சார் வீட்டுக்குத்தான் போனேன்.

கட்டிலில் படுத்திருந்தார்.

"இன்னா சார் நெனச்சுகினு கீறீங்க? பன்னெண்டு வருஷமா கண்டதுக்கெல்லாம் கை தூக்கினீங்க. தேவைப்பட்ட அன்னிக்கு எங்க போனீங்க? இந்தத் தண்ணி உங்களாலதான்."

அவர் மெதுவாகச் சொன்னார்: "ஆமாங்க. நீங்க சொல்றது சரிதான்."

மனுஷன் நல்லா இருந்தால் இப்படியா பேசுவார்? நெற்றியைத் தொட்டேன். அனல்.

"மூணு வாரமா விட்டு விட்டு ஜுரம்ணா. டாக்டர்னாலே மாட்டேங்கிறார்" என்றார் அவர் சம்சாரம்.

அவரைக் காரின் பின்சீட்டில் சாய்த்து, குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் திட்டினேன். எல்லாவற்றுக்கும் 'சரி', 'சரி'. கேட்கக் கேட்க எனக்குப் பயம் கூடியது. பம்மலில் நேராகப் போகாமல், வேண்டுமென்றே பொழிச்சலூர் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

கொஞ்சதூரம் போனதும் பின்னாலிருந்து ஒரு முனகல்: "இந்த வழி தப்பு."

வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.