பட்ட மரத்துப் பாலம்

ஒரு காட்டில், அதுவும் மூக்கு நுனி உறைந்துபோகும் பனிக்காட்டில், ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. பனிக்காட்டில் சிங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். எல்லாக் கதையிலும் அதுதான் ராஜா. இங்கே கம்பளி போர்த்திக்கொண்டு ஆண்டது, அவ்வளவுதான்.

காட்டின் நடுவில் ஓர் ஆறு. ஆற்றுக்கு வருஷம் ஒரு பாலம். பனிக்காலத்தில் கட்டுவார்கள், வசந்தத்தில் சிங்கம் ரிப்பன் வெட்டும், மழைக்காலத்தில் பாலம் ஆற்றோடு போய்விடும். யாரும் குறை சொன்னதில்லை. திறப்பு விழாவில் காட்டுக்கே விருந்து அல்லவா! யார் கட்டிய பாலம் விழுகிறதோ, அடுத்த பாலமும் அவருக்கே என்பது வழக்கம். அனுபவசாலி ஆயிற்றே.

நெடுங்காலமாக நரிதான் காண்ட்ராக்டர். ஒருநாள் ஏதோ யோசனையில், தான் கட்டிய பாலத்தின் மேல் தானே நடந்துவிட்டது, பாவம். அதன் பிறகு வேலை கெண்டையப்பன் என்கிற நீர்நாய்க்குக் கிடைத்தது.

கெண்டையப்பருக்குத் தலைகால் புரியவில்லை. பனிக்காலத்தில் ஆறு உறைந்தால் மீன் ஏது? காண்ட்ராக்டர் வீட்டுக்கு மட்டும் அரண்மனையிலிருந்து கருவாடு வரும்.

"என்னங்க, குட்டிங்க இப்பத்தான் வயிறாரத் தின்னுதுங்க. இந்த மழையோட பாலம் விழுந்துடுமில்ல?" என்று கேட்டார் அவர் மனைவி அயிரையம்மாள்.

"விழாம? காட்டுலயே உளுத்த மரமாப் பார்த்துப் போடறேன்" என்றார் கெண்டையப்பர்.

பனியில் மரம் தேடிப் புறப்பட்டார். ஊசியிலை மரங்கள் எல்லாம் பச்சைப்பசேல் என்று நின்றன. ஒரு தோப்பு மட்டும் ஓர் இலைகூட இல்லாமல் மொட்டையாக நின்றது. "ஆஹா! தோப்பே பட்டுப்போச்சு" என்று துள்ளினார்.

வெட்டும்போது ரம்பத்தின் பல் போயிற்று. கையெல்லாம் பிசின் ஒட்டியது. செத்த மரத்தில் பிசின் ஏது என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. என்ஜினியர் மரங்கொத்திக்கு ஒரு கூடை கருவாடு போயிற்று. அது ஒரு கட்டையையும் கொத்திப் பார்க்காமல் "தரம் உத்தமம்" என்று எழுதிக் கொடுத்தது.

வசந்தம் வந்தது. சிங்கம் ரிப்பனை வெட்டியது. விருந்து முடிந்து திரும்பும் வழியில் கெண்டையப்பர் அந்தத் தோப்பைப் பார்த்தார். பட்ட மரமெல்லாம் தளதளவென்று துளிர்த்திருந்தது! மரங்கொத்தியிடம் ஓடினார்.

"ஐயா, செத்த மரம் துளிர்க்குது!"

"அது செத்த மரமில்லய்யா, லார்ச். ஊசியிலை மரந்தான். ஆனா பனிக்கு முன்னாடி பொன்னா மஞ்சளாகி எல்லா இலையையும் கொட்டிடும். ஓடம் கட்டலாம், வேலி போடலாம், கூரை வேயலாம். பிசினை எடுத்துக் காயத்துக்குக்கூடப் பூசலாம்."

"தண்ணியில நட்டா?"

"தலைமுறைக்கும் நிக்கும். பிசின் உள்ளயே ஊறிக் கிடக்கே, லேசுல மக்காது."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ எங்க கேட்ட? கருவாடுதானே குடுத்த."

மழை வந்தது. குடும்பமே கரையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டது. பாலம் அசைந்துகொடுக்கவில்லை. கெண்டையப்பர் அக்கரையில் கொம்புத்தேன் இருக்கிறது என்று புரளி கிளப்பி, காட்டெருமை மந்தையையே அதன்மேல் ஓடவிட்டார். ஊஹூம். அடுத்த மழையும் வந்து போயிற்று. கருவாடு நின்றது. குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கெண்டையப்பருக்கு அழுகை அழுகையாக வந்தது.

இதற்கிடையில் சிங்கம் வேறு கூப்பிட்டு அனுப்பியது.

"என்னய்யா பாலம் கட்டியிருக்க? என் கத்தரிக்கோல் துருப்பிடிச்சுப் போச்சு. ஜனங்க விருந்து எங்கேன்னு கேக்கறாங்க. ஒரு ராஜா எத்தனை நாளைக்குத்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறது?"

"தெரியாம நல்லா கட்டிட்டேன் மகாராஜா. மன்னிக்கணும்."

"மன்னிப்பெல்லாம் கிடையாது. அடுத்த பாலம் உனக்கில்ல. நீயே இடி. இடிச்சு முடிக்கிறவரைக்கும் கருவாடு உண்டு, போ."

காது குளிர்ந்தது கெண்டையப்பருக்கு. வசந்தத்தில் 'பாலம் இடிப்புத் தொடக்க விழா' ஜாம்ஜாமென்று நடந்தது. சிங்கம் ரிப்பனை வெட்டியது. காடே சாப்பிட்டது. கெண்டையப்பர் ரம்பத்தை வைத்து ஓர் இழு இழுத்தார். பல் தெறித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வருஷம் அதே விழா, அதே தூண், புது ரம்பம். குட்டிகள் கொழுகொழுவென்று ஆயின.

ஒரு விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் அயிரையம்மாள் கவலையாகக் கேட்டார்: "என்னங்க, எனக்கென்னமோ நடுவுல ஒரு பலகை ஆடற மாதிரி இருக்கு. பாலம் நெசமாவே விழுந்துட்டா?"

கெண்டையப்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதே தோப்புக்கு ஓடி நல்ல லார்ச் மரமாகப் பார்த்து வெட்டிவந்தார். பலகையை மாற்றினார். ஆணிகளை இறுக்கினார். தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து அவரும் பிள்ளைகளும் அந்தப் பாலத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அக்கம்பக்கத்துக் காடுகளில் அப்படியொரு பாலம் இல்லை.

நீதி: பாலம் நிலைத்து நிற்க வேண்டுமானால், அதை இடிக்கும் வேலையைக் காண்ட்ராக்டுக்கு விடுக.