பெயர் மட்டும் சொல்லாதவர்

பெயர் சொல்லாதவர் என்றோர் இனம் நம்மிடையே இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார், உங்கள் ஒழுங்கையில் இன்னொருவர், கல்யாண வீட்டுப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் கட்டாயம் ஒருவர். இவரிடம் எந்த இரகசியத்தையும் நம்பிக் கொடுக்கலாம். உயிர் போனாலும் பெயரை வெளியே விடமாட்டார். ஊர், தெரு, தகப்பனின் தொழில், தாயின் பிறந்த இடம், வீட்டு வாசலில் நிற்கும் மரம் ஆகியவற்றை மட்டும் சொல்வார். பெயரா? சேச்சே! அது பாவமில்லையா?

கண்டிப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையொன்றின் பகுதித் தலைவர் ராஜலிங்கம் சேர் இந்த இனத்தின் தங்கப் பதக்கம். இருபத்தாறு வருடச் சேவையில் ஒரு பிள்ளையின் பெயரையாவது அவர் சொன்னதாக யாரும் நிரூபிக்க முடியாது. ஆசிரியர் அறைக்குள் வந்து, கதவைப் பாதி சாத்தி, கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு, தேநீர்க் கோப்பையின் மூடியை எடுத்து மறுபடி மூடி, "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று அவர் தொடங்கினால், வெளியே விறாந்தையில் போகிறவர்கள்கூட நின்றுவிடுவார்கள். ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவிலும் அவருக்கு ஒரு தனி வழி உண்டு. ஒரு செய்தியை அனுப்புவார், அரை நிமிடம் பொறுப்பார், உடனே அழித்துவிடுவார். இரகசியம் காத்தாயிற்று. பார்க்கத் தவறிய பதினொரு பேர் அவருக்கு அழைப்பெடுப்பார்கள். பதினொரு பேருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லாமல் விளக்குவார்.

இப்படிப்பட்டவரின் கையில், ஒரு திங்கட்கிழமை காலையில், அழகம்மா ஒரு கடிதத்தைக் கொடுத்தாள்.

அழகம்மா வத்தேகம பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பக் கடை வைத்திருப்பவள். மகன் ஜனகன் ஏழாம் வகுப்பு பி பிரிவு. சனிக்கிழமை அவன் முதுகில் நாலு கொப்புளம் கண்டது. ஞாயிற்றுக்கிழமை எண்ண முடியாமல் போயிற்று. அம்மைதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"சேர், யாருக்கும் தெரிய வேணாங்க. அவன அவங்க பெரியம்மா வீட்டுல தனியா வச்சிருக்கோம். ஆனா தெரிஞ்சா எங்க அப்பத்த ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. எங்களுக்கு அந்தக் கட மட்டுந்தான் சேர்."

"யாருகிட்ட சொல்றீங்க? ராஜலிங்கம் வாயத் தொறப்பானா?" என்றார் சேர். சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு விம்மியது. ஒரு தாயின் மானம் தன் சட்டைப் பையில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது! அந்தக் கனம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் கனமான பொருளை அதிக நேரம் தனியாகத் தூக்க யாரால் முடியும்? முதலாம் பாடம் முடிய முன்னரே ஆசிரியர் அறைக் கதவு பாதி சாத்தப்பட்டது.

"ஒரு பிள்ளைக்கு அம்ம போட்டிருக்கு. பேரு சொல்ல மாட்டேன். தாய் சாப்பாட்டுச் சாமான் செஞ்சு குடும்பத்தப் பாக்குறவங்க. பாவம். போன மாசம் பேச்சுப் போட்டியில அந்த வகுப்புக்கே ரெண்டாமிடம் எடுத்த பிள்ள. என்னா குரல்!"

இந்த இடத்தில் அவருடைய மனச்சாட்சி விழித்துக்கொண்டது. இவ்வளவும் சொல்லிவிட்டு வகுப்பையும் சொன்னால் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? அழகம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? எனவே, அந்தத் தாயின்மேல் வைத்த முழு இரக்கத்தோடு, ஒரேயொரு விவரத்தை மட்டும் மாற்றினார்.

"ஆறாம் வகுப்பு" என்றார்.

அறையின் மூலையில் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்த ஸுமைரா டீச்சரின் பேனா நின்றது. கணிதம் படிப்பிக்கிறவர், கல்யாணமாகி ஒன்பது வருடம், இது முதல் பிள்ளை, ஐந்தாம் மாதம். பேராதனை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கிற டொக்டர் முதல் நாளே கேட்ட கேள்வி, சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா என்பது. உம்மாவுக்கு நினைவில்லை. அப்படியானால் பாடசாலையில் யாருக்காவது வந்தால் உடனே வர வேண்டும், பத்து நாளுக்குள் வந்தால்தான் ஊசி போட்டுப் பிள்ளையைக் காக்கலாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஸுமைரா எழுந்து வந்தார்.

"சேர், எனக்கு பேர் தேவல்ல. எந்த வகுப்பு, எந்த நாள் வரைக்கும் அந்தப் புள்ள ஸ்கூலுக்கு வந்த? அது ரெண்டும் மட்டும் செல்லுங்கோ."

"வெள்ளிக்கெழம வரைக்கும் வந்திச்சு டீச்சர். ஆறு. உங்களுக்கு ஆறு இல்லத்தானே?"

"இல்ல சேர். ஏழும் எட்டும்தான். அல்ஹம்துலில்லாஹ்!"

ஏழாம் வகுப்பு பியில் ஸுமைராவுக்குத் தினமும் பாடம் உண்டென்பது ராஜலிங்கம் சேருக்குத் தெரியாதா? பாட நேரசூசி போட்டவரே அவர்தானே! ஆனால் பத்துப் பேர் முன்னிலையில் சொன்னதை எப்படி மாற்றுவது? மாற்றினால் முதலில் சொன்னது பொய்யென்றாகிவிடும். தன்னைப் பொய்யன் என்று யாரும் நினைப்பதை அவரால் தாங்க முடியாது. தேநீர்க் கோப்பையின் மூடியை எடுத்து மறுபடி மூடிவிட்டு, "எதுக்கும் கவனமா இருங்க டீச்சர்" என்றார். எதையும் சொல்லாமல் எல்லாம் சொன்னதாகத் திருப்தி தரும் வாக்கியம் தமிழில் இதுபோல இன்னொன்று உண்டா?

ஸுமைரா நிம்மதியாகப் போய் ஏழாம் வகுப்பு பியில் பின்னம் படிப்பித்தார்.

இதற்கிடையில் ஆசிரியர் அறை தன் கடமையைச் செய்தது. ஆறாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் இரண்டாமிடம் யார்? ஆஸிகா. ஆஸிகாவின் உம்மா பஸ்லினா என்ன செய்கிறார்? நம்முடைய கென்டீனுக்கே ரோல்ஸ் பொரித்துப் போடுகிறார்! ஆஸிகா இன்றைக்கு வந்திருக்கிறாளா? இல்லை! வேறென்ன வேண்டும்? அவள் மாமாவின் கல்யாணத்துக்கு அக்குறணைக்குப் போயிருந்தாள் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. விசாரிப்பது அடுத்தவர் அந்தரங்கத்தில் தலையிடுவதல்லவா? செவ்வாய்க்கிழமை ரோல்ஸ் பாதி மிஞ்சியது. புதன்கிழமை தட்டு வந்தபடியே திரும்பிப் போயிற்று.

செய்தி சுற்றிச் சுற்றி ராஜலிங்கம் சேரிடமே திரும்பி வந்தது. "ஆஸிகாதானே சேர்?" என்று காதோடு கேட்டார்கள். அவர் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்தது. ஒருவராலும் ஜனகனைக் கண்டுபிடிக்க முடியவில்லை! வாக்குக் காப்பதென்றால் இப்படியல்லவா காக்க வேண்டும்! அன்று பின்னேரம் வத்தேகமவில் இறங்கி, அழகம்மாவிடம் பத்து அப்பம் வாங்கி, "ஒங்க ரகசியம் பத்திரமா இருக்கும்மா" என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை இடைவேளையில் பஸ்லினா வந்தார். ஒரு கையில் திருப்பியனுப்பிய ரோல்ஸ் தட்டு, மறுகையில் ஆஸிகா. நேரே ஆசிரியர் அறை வாசலில் நின்று மகளின் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார்.

"பாருங்கோ! எல்லாரும் நல்லாப் பாருங்கோ! ஒரு புள்ளி ஈக்கிதா? காலைல எண்ட புள்ளைக்குப் பக்கத்தில ஒருத்தரும் குந்தல்லயாம். ஆரு இந்தக் கதயக் கெளப்பின?"

சத்தம் கேட்டு அதிபர் மயில்வாகனம் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், நெடிய உருவம், குறைந்த பேச்சு. பத்துப் பேரின் பார்வையும் ஒரே பக்கம் போனதைக் கவனித்தார்.

"என்ன சேர் இது? நீங்களே சொன்னது?"

"நான் பேரே சொல்லலியே சேர்!" என்றார் ராஜலிங்கம். அவருக்குக் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, உண்மையிலேயே மனம் புண்பட்டுவிட்டது. "வேணும்னா இவங்ககிட்டக் கேளுங்க, பேர் சொன்னேனான்னு!"

"பேர மட்டும்தான் சேர் நீங்க செல்லல்ல" என்றார் பஸ்லினா.

"ஐயோ, அது ஒங்க மகளே இல்லம்மா! ஆறாம் வகுப்பே இல்ல! யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நாந்தான் வகுப்ப மாத்திச் சொன்னேன்!"

சொன்ன பிறகுதான் ராஜலிங்கம் சேருக்கு விளங்கியது. மூலையிலிருந்து ஸுமைரா எழுந்தார். ஒரு கை மேசையில், மற்றது வயிற்றில்.

"அப்ப எந்த வகுப்பு சேர்?"

கேட்காமலே அள்ளி அள்ளிக் கொடுத்தவர், கேட்ட ஒன்றுக்கு உதட்டை ஈரமாக்கிக்கொண்டு நின்றார்.

"ஏழு... பி."

ஸுமைராவுக்கு வெள்ளிக்கிழமை ஒவ்வொரு வாங்காகப் போய்ப் பிள்ளைகளின் பக்கத்தில் குனிந்து கொப்பி பார்த்தது நினைவுக்கு வந்தது. விரல் விட்டு எண்ணினார். ஆறு நாள். "மூணு நாள் போச்சே சேர், நான் கேட்டு மூணு நாள்" என்றபோது அழுதுவிட்டார். கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தவர் பஸ்லினாதான். அதிபர் ஒரு கேள்வியும் கேட்காமல் முச்சக்கரவண்டிக்கு ஆளனுப்பினார். பஸ்லினா கூடவே ஏறிப் பேராதனைக்குப் போனார். போகும் வழியெல்லாம் துஆ ஓதினாராம்.

அன்று மத்தியானமே அதிபர் தம் கையால் நாலு வரி எழுதி ஆசிரியர்களுக்குச் சுற்றனுப்பினார். ஏழு பியில் ஒருவருக்கு அம்மை. கடைசியாக வந்த நாள் வெள்ளி. கர்ப்பிணிகளும், முன்பு அம்மை வராதவர்களும், தீராத வருத்தங்களுக்கு மருந்து எடுப்பவர்களும் உடனே டொக்டரைக் காணவும். யாரென்று விசாரிப்பவர் முதலில் என்னை வந்து காணவும். அவ்வளவுதான். ராஜலிங்கம் சேர் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பொருளே இல்லாத கடிதமாக இருந்தது அவருக்கு. ஒரு தாயில்லை, ஒரு கடையில்லை, ஒரு பேச்சுப் போட்டிகூட இல்லை. இதை வாசித்து யாருக்கு என்ன விளங்கும்?

அவருக்குத் தண்டனையும் உண்டு. "நாளையிலயிருந்து ஒரு கிழமைக்கு, இடைவேளையில கென்டீன் வாசலில நிண்டு, பிள்ளையள் எல்லாரும் பாக்க ரெண்டு ரோல்ஸ் சாப்பிடுங்கோ. சாப்பிடேக்க கதைக்கப்படாது" என்றார் அதிபர். சாப்பிட்டார். மூன்றாம் நாள் தட்டு காலியானது. ஆஸிகாவுக்குப் பக்கத்திலும் ஆள் வந்தது. அந்தப் பிள்ளை ஜனகன் என்று ஊகித்த ஆசிரியர்களும் அதிபருக்குப் பயந்து வாய் திறக்காததால், அது இன்றுவரை வெளியே தெரியாது. அழகம்மாவின் அப்பம் வழக்கம்போல விற்கிறது.

ஸுமைராவின் இரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. சின்ன வயதில் எப்போதோ அம்மை வந்து போயிருக்கிறது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் பயமில்லை. கேட்டதும் ராஜலிங்கம் சேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் சத்தியமானது. நான் அவரைச் சந்தேகிக்க மாட்டேன். அதே கண்ணீரோடு பின்னேர பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரரிடம் திரும்பினார். "எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர். பேரு சொல்ல மாட்டேன். கணக்குப் படிப்பிக்கிறவங்க. ஒம்பது வருஷம் கழிச்சு..."

இவ்வளவும் வாசித்த உங்களுக்கு அந்தப் பாடசாலை எதுவென்று அறிய ஆசை வந்திருக்கும். நான் பெயர் சொல்ல மாட்டேன். குண்டசாலையிலிருந்து அதிக தூரமில்லை. மதிலுக்குப் பாதி வரைதான் பெயின்ட் அடித்திருக்கும். சேருக்கு அடுத்த வருடம் ஓய்வு. மற்றபடி, இடது காதில் கொஞ்சம் பஞ்சு வைத்திருப்பார், அவ்வளவுதான். ஒரேயொரு விவரத்தை மட்டும், நாகரிகம் கருதி, மாற்றியிருக்கிறேன்.

"அட, அவரா!" என்று இப்போது கைபேசியைத் தேடுகிறீர்களே, அதை மெதுவாகக் கீழே வையுங்கள். நீங்கள் நினைக்கும் ஆள் அவரில்லை.