முடியும்காரர்

கடன்காரர், வீட்டுக்காரர், பக்கத்து வீட்டில் டிரம்பெட் பழகுகிறவர் ஆகியோரையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். சமாளிக்கவே ஆகாத ஓர் இனம் இருக்கிறது. அதன் பெயர் முடியும்காரர். இங்கிலாந்தின் எங்கள் வடக்குக் கடலோரத்தில் இவர் ஏராளமாகக் கிடைக்கிறார். பளபளக்கும் ஷூ, கழுத்தில் அடையாள அட்டை, காலையில் மாட்டினால் சாயங்காலம்வரை கழற்றாத சிரிப்பு, உட்காருவதற்கு முன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகைக் கட்டிக்கொண்டு உட்காரும் பழக்கம், பிரச்சினை என்று எதைச் சொன்னாலும் "அது பிரச்சினை இல்ல, வாய்ப்பு" என்று திருத்தும் நாக்கு, இவை எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. அவர்தான்.

தொழில் என்ன? உடம்பு முடியாதவர்களை முடிந்தவர்களாக மாற்றுவது. மருந்து உண்டா? கிடையாது. சிகிச்சை? அதுவும் கிடையாது. பேச்சுதான். அரசாங்கம் காசு கொடுத்து அமர்த்தியிருக்கும் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலைவாய்ப்புப் பயிற்சியாளராக இருப்பார்.

நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். பக்கவாதம் வந்ததிலிருந்து என் இடது கை வேலைநிறுத்தம் செய்கிறது. இன்றுவரை பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. எங்களைப் போல உதவித்தொகை வாங்குகிறவர்கள் இந்தப் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் தொகையை நிறுத்திவிடுவார்கள். ஆகவே போனேன். எனக்கு வாய்த்த முடியும்காரர் பெயர் கேவின்.

"நண்பர்களே, இந்த ரூமுக்குள்ள 'முடியாது'ங்கிற வார்த்தைக்கு இடமில்ல. யாராவது சொன்னா மணி அடிப்பேன். சரியா சாம்பியன்ஸ்?" என்றார் கேவின். ஹோட்டல் வரவேற்பு மேஜையில் இருக்குமே, உள்ளங்கையால் தட்டினால் டிங் என்னும் மணி, அதை வாங்கி வைத்திருந்தார்.

என் பக்கத்தில் ஸ்டூவர்ட். பிறவியிலேயே காது கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவான். தனக்கு எது முடியாது என்று கேவினுக்கு விளக்குவதில் மும்முரமாக இருந்ததால் மணியை அவன் கவனிக்கவே இல்லை. "முடியாது" என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். கேவினுக்கு உள்ளங்கை சிவந்துவிட்டது.

மற்றவர்கள் பிழைக்கும் வழி தேடினோம். "என்னால கனமான பெட்டியத் தூக்காம இருக்க முடியும்" என்றேன். அருமை என்றார். "ரொம்ப நேரம் நின்னா என்னால மயங்கி விழ முடியும்" என்றாள் வலிப்பு நோயுள்ள பிரிட்ஜெட். அதையும் பாராட்டினார். பலகையில் 'நம் திறமைகள்' என்ற தலைப்பின் கீழ் இரண்டையும் எழுதினார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் "முடியும்" என்று சொன்னால், முடிகிறவர்களுக்கு எதற்கு உதவி என்று அலுவலகம் கேட்கும். "முடியாது" என்று சொன்னால், ஒத்துழைக்கவில்லை என்று கேவின் எழுதிவிடுவார். இரண்டுக்கும் நடுவே வாயைத் திறக்காமல் பிஸ்கட் தின்பதுதான் பாதுகாப்பு. பிஸ்கட் நன்றாகவே இருந்தது, குறை சொல்லக் கூடாது.

இதில் வகையாக மாட்டியவள் லொரெய்ன். பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய பெரிய பாத்திரங்களைத் தூக்கி இறக்கியவள். முட்டியும் இடுப்பும் தேய்ந்து இப்போது சக்கர நாற்காலி. பயிற்சிக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் தெரியுமா? நலம் விசாரித்தார்கள், அதனால் வந்தாள். உதவித்தொகை அலுவலகத்துப் பெண் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: மோசமில்லை. கூரை இடிந்து தலையில் விழுந்துகொண்டிருந்தாலும் மோசமில்லைதான். அதற்கு மேல் சொல்வது அநாகரிகம். லொரெய்னும் அதையே சொன்னாள். அந்தப் பெண் 'உடல்நிலை தேறியிருக்கிறது' என்று கணினியில் தட்டிவிட்டாள். அவளும் உள்ளூர்க்காரிதான். ஆபீஸுக்குள் நுழைந்துவிட்டால் ஊர்ப்பேச்சு மறந்துபோகும் போலிருக்கிறது.

பயிற்சி நடந்தது மாடியில். அன்றைய தலைப்பு 'தடைகளைத் தாண்டுவோம்'. லிஃப்ட் ஓடவில்லை. படிக்கட்டின் அடியிலிருந்து லொரெய்ன் குரல் கொடுத்தாள்.

"கேவின் கண்ணு, லிஃப்ட் ரிப்பேர். என்னால மேல வர முடியாது."

டிங்.

"லொரெய்ன், தடை வெளிய இல்ல. மனசுலதான் இருக்கு."

"இல்ல கண்ணு, படிக்கட்டாத்தான் இருக்கு. இங்கேர்ந்தே தெரியுது."

"அதையே வேற மாதிரி சொல்லிப் பாருங்களேன்."

"சரி. என்னால கீழ இருக்க முடியும்."

கீழேதான் இருந்தாள், வகுப்பு முடியும்வரை. கேவின் கேட்ட கேள்விக்கெல்லாம் அங்கிருந்தே கத்திப் பதில் சொன்னாள். எங்களில் யாரும் அவ்வளவு பேசவில்லை. கேவின் அவளுக்கு 'வரவில்லை' என்று போட்டார். அறைக்குள் வந்தால்தான் வந்ததாகக் கணக்காம். அடுத்த வாரமே தொகையை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கோட்டோடு படுத்தாள். எப்படி இருக்கீங்க லொரெய்ன் என்று கேட்டேன். மோசமில்லை என்றாள்.

மறு வகுப்பன்றும் லிஃப்ட் அப்படியேதான் கிடந்தது. கேவின் காபி எடுக்கப் போன சமயம் பார்த்து, கண் தெரிந்தவர்கள் தெரியாதவர்களைப் பிடித்துக்கொள்ள, கால் வலுவுள்ளவர்கள் இல்லாதவர்களைத் தாங்கிக்கொள்ள, பிரிட்ஜெட் பிஸ்கட் டப்பாவைத் தூக்க, நான் நல்ல கையில் மணியை எடுத்துக்கொள்ள, மொத்த வகுப்பும் கீழே இறங்கி லொரெய்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. காலி அறைக்குள் கேவின் "குட் மார்னிங் சாம்பியன்ஸ்" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தார்.

"கேவின் கண்ணு, ஒரே ஒரு உதவி. அந்த ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு, நான் வந்தேன், கீழதான் இருந்தேன்னு சொல்லிடு. எனக்கு அது போதும்" என்றாள் லொரெய்ன்.

கேவின் நெற்றியைச் சொறிந்தார். "அனுப்பினது அனுப்பினதுதான் லொரெய்ன். இனிமே அத மாத்த முடியாது."

மணி என் மடியில்தான் இருந்தது. தட்டப் பயமாக இருந்தது. என் தொகையும் அவர் பேனாவில்தானே இருக்கிறது. ஸ்டூவர்ட் எட்டித் தட்டினான். அந்த மணியின் ஓசையை வாழ்நாளில் கேட்டிராதவன். கேவினின் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன். டிங். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னொரு டிங்.

கேவினின் சிரிப்பு அன்றுதான் கழன்றது. போனை எடுத்தார். அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தால் ஆள் வருமுன், காத்திருக்கிறவர்களுக்கென்று போட்ட வயலின் வரும். வகுப்பு நேரம் முழுவதும் நாங்கள் வயலின் கேட்டோம். ஸ்டூவர்ட் மட்டும் தப்பித்தான். கடைசியில் ஒரு பெண் எடுத்து, மாற்ற முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "அப்படிச் சொல்லாதீங்க மேடம், தடை மனசுலதான்" என்று கேவின் ஆரம்பித்தார். லைன் கட்டாகிவிட்டது.

லொரெய்ன் மேல்முறையீடு செய்தாள். ஜெயித்தாள். பணம் வருவதற்குள் குளிர்காலம் போய்விட்டது. அதுவரை எங்கள் வீடுகளில் முறைவைத்துச் சாப்பிட்டாள். கேவினும் அவளை மறந்துவிடவில்லை. அந்தப் பணமில்லாத நாட்களில் அவள் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். இரண்டு காலும் இல்லாத ஒருவர் பனிமலை உச்சிக்கு ஏறிப் போய்க் கொடி ஆட்டுகிறார். கீழே, 'இவரால் முடிகிறதென்றால்?' லொரெய்ன் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள். கேவின் அதைத் தன் வெற்றிக் கதைகளில் சேர்த்துக்கொண்டார்.

கேவினை நினைத்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் அந்த இனம் இல்லை. இடுப்பு பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தவரிடம், காலையில் வெந்நீர் குடித்துவிட்டு நாலு தெரு நடந்து பாருங்கள் என்று சொன்னது வேறு யாரோ. ஆனால் அந்தப் பனிமலை வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்குமே. சோபாவில் சாய்ந்தபடியே, உடம்பு முடியாத ஒருவருக்கு அதைத் தட்டிவிட்டிருப்பீர்களே. உடனே அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்திருக்கும்; ஓர் உயிருக்குத் தெம்பு கொடுத்தோம் என்று அன்று நன்றாகத் தூங்கியிருப்பீர்கள். அவர் மரியாதை தெரிந்தவர், அவ்வளவுதான். அனுப்ப நினைத்தது வேறு விரல்.