நாற்பது நிமிடம் பொறுக்க முடியாத கோட்டண்ணை

டென்மார்க்கில் கதிரையில் உட்காராமலே வருடக்கணக்கில் வாழ்ந்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் கோட்டண்ணைதான். சாப்பிடுவது நின்றுகொண்டு. கடிதம் எழுதுவது குசினி ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து, நின்றுகொண்டு. டெனிஷ் மொழி வகுப்பிலும் பின்சுவரில் சாய்ந்து நின்றே வினைச்சொற்களைப் பாடமாக்கினார். ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். கேட்டால், இருந்து பழகினால் கால் பழுதாகிவிடும் என்பார். ஆனால் காரணம் கால் இல்லை என்பது அவரோடு ஒரே வீட்டில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எண்பதுகளின் கடைசி. ஸ்கீவ நகரில் ஒரு பழைய வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் கலியாணம் ஆகாத இளந்தாரிகள். அவருக்கு மட்டும் யாழ்ப்பாணத்தில் மனைவியும் ஒரு மகளும். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்கள் தலைநகரில் நகராமல் கிடந்த வருடங்கள் அவை. பின்னால் அது பெரிய விசாரணையாகி, ஒரு அரசாங்கமே பதவி விலகியது. அதெல்லாம் பிறகு. அப்போது எங்களுக்குத் தெரிந்தது, கடிதம் வரவில்லை என்பது மட்டுமே.

கடிதம் வரவில்லை என்பதை வீட்டில் இருந்தே தெரிந்துகொள்ளும் பொறுமை அவருக்குக் கிடையாது. சைக்கிளில் வரும் தபால்காரரை முதலில் தெருமுனையில் போய்ச் சந்தித்தார். பிறகு அடுத்த தெருவில். ஒரு மாதத்துக்குள் தபால் கந்தோர் வாசலுக்கே போய்விட்டார். தபால்காரர் என்னைப் பிடித்து, கடிதம் வந்தால் தூரத்திலிருந்தே கத்திச் சொல்கிறேன், இந்த மனிதரை வீட்டில் நிற்கச் சொல் என்று கெஞ்சினார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அண்ணை கவனமாகக் கேட்டார்.

"கத்திறது எனக்குக் கேக்காமல் போகலாம். நான் பக்கத்திலேயே வாறன் எண்டு சொல்லு."

ஓகஸ்ட் மாதக் கடைசியில் பக்கத்து வீட்டு கிர்ஸ்டனின் தோட்டம் எங்கள் மேல் படையெடுத்தது. கிர்ஸ்டன் ஓய்வுபெற்ற தாதி. அவருடைய தோட்டத்தில் ஸ்குவாஷ் என்று ஒரு காய். பார்க்க வெள்ளரிக்காய், ருசியில் எதுவுமில்லை. திங்கட்கிழமை விரலளவு இருப்பது வெள்ளிக்கிழமை கைப்பிள்ளை அளவு ஆகிவிடும். பையில் போட்டு எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் சமைக்கும் முறையையும் சொல்லித் தந்தார். ஸ்குவாஷ், உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம் எல்லாவற்றையும் வட்டமாக வெட்டி, ட்ரேயில் ஒன்றின் மேல் ஒன்று சரித்து அடுக்கி, மேலே சீஸ் துருவிப் போட்டு, ஓவனில் நாற்பது நிமிடம்.

கோட்டண்ணை அதில் தேங்காய்ப்பாலும் யாழ்ப்பாணத்துத் தூளும் சேர்த்தார். அதுவரை எல்லாம் சரி. அந்த நாற்பது நிமிடம்தான் சரிவரவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓவனைத் திறந்து குனிந்து பார்த்தார். சூடெல்லாம் வெளியே வந்து குசினியை நிறைத்தது. எங்களுக்கு வியர்த்தது, கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்தும் கடித்தால் நறுக்கென்றது.

அடுத்த முறை நாங்கள் ஓவன் கைப்பிடியை ஒரு இடுப்புப் பட்டியால் இறுக்கிக் கட்டிவிட்டு, நாற்பது நிமிடம் வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள் என்று அவரைத் துரத்தினோம். வாசலில் நின்று பத்து நிமிடம் வாதாடினார். அந்தப் பத்தையும் நாற்பதில் கழித்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது அவர் உடம்பில் ஒரு பெண்கள் கோட்டு. கரும்பச்சைக் கம்பளி, இடுப்பில் பட்டி, பெரிய பெரிய பொத்தான்கள். தேவாலயக்காரர் நடத்தும் பழைய உடுப்புக் கடையில் வாங்கியிருக்கிறார். மனிசிக்கு என்றார். குளிர் தாங்குமோ என்று பார்க்கத் தானே போட்டுக்கொண்டு நகரத்தைச் சுற்றி வந்தாராம், தாங்குகிறதாம். அந்தக் கோட்டோடேயே நின்று அரை ட்ரே மரக்கறியைச் சாப்பிட்டு முடித்தார். ருசியாகத்தான் இருந்தது.

இலையுதிர்காலம் தொடங்கும்போதுதான் டெனிஷ்காரர் அலுமாரிகளைத் துப்பரவாக்குவார்கள். நல்ல உடுப்புகள் கடைக்கு வருவது அப்போதுதான். கிர்ஸ்டனின் ஸ்குவாஷும் நிற்கவில்லை. ஒவ்வொரு ட்ரே வேகும்போதும் அவரைத் துரத்துவோம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றோடு வருவார். கம்பளித் தொப்பி, உள்ளே பஞ்சு வைத்த சப்பாத்து, சிவப்பு மழைக்கோட்டு. ஐந்தாவது கோட்டு வந்த அன்றுதான் கொண்டக்டர் அண்ணை கோட்டண்ணை ஆனார். சொந்தப் பெயரை அவரே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மகளின் அளவுதான் சிக்கல். மனைவியிடம் கேட்டு எழுதினார். மாதங்கள் கழித்து வந்த கடிதத்துக்குள் ஒரு நீல நூல் இருந்தது. மகளைச் சுவரோடு நிறுத்தி, உச்சியிலிருந்து பாதம் வரை பிடித்து வெட்டியதாம். அவர் நூலின் ஒரு நுனியைக் காலால் மிதித்து, மறு நுனியை மேலே இழுத்துப் பார்த்தார். அது அவர் இடுப்புக்குச் சற்று மேலே வந்து நின்றது. அந்த இடத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். பிறகு, கடிதம் வந்து சேர இத்தனை நாள் ஆனதே, வளர்ந்திருப்பாள் என்று இரண்டு விரல் கூட்டினார். அதன் பிறகு மாதத்துக்கு இரண்டு விரல் கூட்டிக்கொண்டே போனார்.

வாரத்தில் இரண்டு நாள் அந்த உடுப்புக் கடையைப் பார்த்துக்கொள்வதும் கிர்ஸ்டன்தான். அவர் ஒருநாள் அண்ணையிடம், மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். நல்ல கோட்டெல்லாம் ஒரே ஆளே வாங்கிப் போகிறார், எங்கோ விற்கிறாரோ என்று ஆட்கள் கேட்கிறார்களாம். கேட்கத் தனக்கே கூச்சமாக இருந்தாலும் கேட்க வேண்டியிருக்கிறது என்றார். அண்ணை என்னை முந்திக்கொண்டு தன் டெனிஷ் முழுவதையும் எடுத்து வைத்தார். மனைவி. மகள். குளிர். வருகிறார்கள்.

எப்போது வருகிறார்கள் என்று கிர்ஸ்டன் கேட்டார்.

மாதங்களின் பெயர்கள் பன்னிரண்டும் அண்ணைக்குத் தெரியும். ஆனாலும் என்னைப் பார்த்தார்.

"தம்பி, வருவினம் எண்டு சொல்லு. எப்ப எண்டு சொல்லாதை."

சொல்லிவிட்டு, சப்பாத்து போட்டுப் பார்க்க வைத்திருந்த சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். கிர்ஸ்டன் இன்னொரு ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அந்த வாரத்திலிருந்து, சின்னப் பிள்ளைகளின் கோட்டுகள் வந்தால் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

இப்படி இலைகள் பல முறை உதிர்ந்தன. ஒருநாள் தபால்காரர் உண்மையாகவே கத்தினார். பக்கத்திலேயே அண்ணை நின்றதால் அவர் காது ஒரு வாரம் அடைத்திருந்தது.

அவர்கள் வந்தது ஜூன் மாதம். கொப்பன்ஹேகன் விமான நிலையத்துக்கு நாங்கள் நால்வரும் ரயிலில் போனோம், இரண்டு பெட்டி நிறையக் கோட்டுகளோடு. ரயிலிலும் அவர் உட்காரவில்லை. இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்கு நடந்த நடையைப் பார்த்து ஒரு வயதான மனிதர் தன் டிக்கெட்டை அவரிடம் நீட்டினார். அண்ணை அதை வாங்கி, சரிபார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்த மனைவிக்கு அவர் முதலில் சொன்னது, குளிரும், இதைப் போடும் என்பதுதான். மகளுக்கு அவரே போட்டுவிட்டார். கோட்டு அவளுடைய தோளிலிருந்து இறங்கி, முழங்காலைத் தாண்டி, நிலத்தைத் தொட்டது. கைகள் இரண்டும் காணாமல் போயின. நாங்கள் சிரிக்கத் தொடங்கி, பிறகு நிறுத்திக்கொண்டோம். குண்டுவீச்சுக்குப் பதுங்கும் பங்கரும் பஞ்சமுமாக இருந்த ஊரில் பிள்ளை அவ்வளவு வளர்ந்திருக்கவில்லை.

"இவ்வளவு வளர்ந்திருப்பாள் எண்டு நினைச்சியளோ?" என்று மனைவி மெதுவாகக் கேட்டார்.

"நான் இஞ்சை இருந்து வளர்த்துக்கொண்டெல்லோ இருந்தனான்," என்றார் அண்ணை.

மகள் அந்தக் கோட்டைக் கழற்ற விடவில்லை. அந்த வெயிலில், வியர்க்க வியர்க்க, ஸ்கீவ வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டே தூங்கி வந்தாள்.

அடுத்த வருடமே வேலை கிடைத்து அவர்கள் கோல்டிங்குக்குப் போய்விட்டார்கள். நான் ஸ்கீவவிலேயே நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிப்பார். இரண்டு நிமிடத்துக்கு மேல் கதைக்க மாட்டார். கடைசியில், சாப்பிட்டியோ என்று கேட்பார். ஒருமுறை விளையாட்டாக இல்லை என்றேன். இரண்டு மணித்தியாலத்தில் வாசலில் கார் வந்து நின்றது. அதிலிருந்து மடியில் வைத்திருந்த சட்டியோடு அண்ணை இறங்கினார், பின்னால் ஓட்டி வந்த மனைவி, மகள்.

அதன் பிறகு பொய் சொல்லக் கூடாது என்று, "ஓம், சாப்பிட்டேன்" என்றே சொல்லி வருகிறேன். ஆனால் சில ஞாயிறுகளில், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும், இல்லை அண்ணை என்று சொல்லிவிடுவேன்.