நர்சம்மா வளர்த்த நரி

உடையார்பாளையம் சுற்றுவட்டாரத்தில் நாற்பதுகளில் பிறந்த யாரை எடுத்துக்கொண்டாலும், இந்த உலகத்தில் அவர் காதில் முதலில் விழுந்தது நர்சம்மாவின் வசவாகத்தான் இருக்கும். "வெளிய வர இவ்ளோ நேரமாடா ஒனக்கு? ஒங்கம்மா உசுரு போயி உசுரு வருது" என்று, தொப்புள்கொடி அறுபடும் முன்பே விசாரணை தொடங்கிவிடும். பிள்ளை மிரண்டுபோய் அழும். அழுதால்தான் அவருக்கு நிம்மதி.

ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். அவரைப் பெயர் சொல்லி அழைத்த யாரையும் நான் பார்த்ததில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேலை கிடைத்து வந்த நான், அவர் இருந்த வீட்டின் மறுபாதியில் குடியேறினேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஒருநாள் காலை, செந்துறைப் பக்கம் பிரசவம் பார்க்கப் போனவர் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். கையிலிருந்த மருந்துப் பை தானாக அசைந்தது.

"உள்ள என்னங்க?"

"நரி. தாய நாய்ங்க கடிச்சுப் போட்டுருச்சு. இது மட்டும் கடலைக்கொல்லை வரப்புல கெடந்துச்சு. வெந்நி வைங்க டீச்சர்."

வைத்தேன். அவர் வெந்நீர் கேட்டால் எதற்கென்று கேட்கும் தைரியம் கலெக்டருக்கே கிடையாது.

கண்கூடத் திறக்காத குட்டி. நனைந்த சாக்குத் துண்டு மாதிரி இருந்தது. பாலாடையில் பசும்பால் புகட்டினார். போன வேகத்தில் வயிற்றால் போனது. வசம்பு உரைத்து நாக்கில் தடவினார். இன்னும் துவண்டது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரோடு நர்சம்மா உட்கார்ந்திருந்தார். சாகக் கிடக்கும் கைக்குழந்தைக்கு, பங்குச் சாமியார் வந்து சேர நேரமில்லையென்றால் மருத்துவச்சியே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம்.

"நர்சம்மா, என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. மூஞ்சி கழுவி விட்டேன். அப்ப வாயில ஒரு பேரு வந்துச்சு."

"என்ன பேரு?"

"சவரி."

பேர் வைத்த பிள்ளையைச் சாக விடுவாரா? ஆட்டுப்பாலாவது கொடுத்துப் பார்ப்போம் என்று சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். தெருக்கோடியில் ஆடு வளர்த்தவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க ஆட்டுப் பாலக் குடிச்சு வளந்துட்டு, நாளைக்கு எங்க ஆட்டத்தானம்மா புடிக்கும்?"

"ஒன் புள்ளைங்க எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன். வளந்து எவன் எதப் புடிப்பான்னு கேட்டுக்கிட்டா எடுத்தேன்? கறப்பா பால."

கறந்தார். பாலில் பாதிக்குத் தண்ணீர் கலந்து, திரியை நனைத்து, சவரியின் வாயோரம் வைத்தார் நர்சம்மா. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குட்டித் தொண்டை ஏறி இறங்கியது. "முழுங்குறான் டீச்சர், முழுங்குறான்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் இரண்டு நாள் கரும்பலகையில் எழுத முடியவில்லை.

அடுத்த கண்டம் வீட்டுக்காரர். நரி வளர்க்கிற சங்கதி காதில் விழுந்ததும், வீட்டைக் காலி செய்யச் சொல்ல விடியற்காலையிலேயே வந்துவிட்டார். அன்று அரியலூர் கோர்ட்டில் அவருக்கு ஒரு வழக்கு. கதவு திறந்ததும் எதிரே சவரி. அப்போது கண் திறந்திருந்தான். அவரையே உற்றுப் பார்த்தான். சாயங்காலம் அதே மனிதர் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்து நின்றார். வழக்கில் ஜெயித்துவிட்டாராம். எல்லாம் நரி முகத்தில் விழித்த யோகமாம்.

அவ்வளவுதான், மறுநாளே வாசலில் கூட்டம். கோர்ட்டுக்குப் போகிறவர், பெண் பார்க்கப் போகிறவர், மாடு வாங்கப் போகிறவர் எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆள் கைபிடித்து அழைத்துவர, எங்கள் வாசலில் வந்துதான் கண் திறந்தார்கள். கதவைத் திறப்பது நானாக இருந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

"வரிசையா நில்லுங்க. இருமுறவன் பின்னால போ, புள்ளைக்கு ஒட்டிக்கும்" என்று நர்சம்மா கட்டளையிடுவார்.

சவரி வளர்ந்தான். என் செருப்பைத் தின்றான். நர்சம்மாவின் விரலைக் கடித்தான். "கதவு இடுக்குல நசுங்கிருச்சு" என்று கட்டுப்போட்டுக்கொண்டு திரிந்தார். கொல்லையில் எலி பிடித்தான். பிறகு யோகம் பெற்ற அதே வீட்டுக்காரரின் கோழியைப் பிடித்தான். அவனை அடித்துப்போட வேண்டுமென்று தெருவில் தடியோடு பேச்சு ஆரம்பமானது.

அந்த வாரம் ஒரு அந்திநேரம், ஏரிக்கரைப் பக்கம் நரிகள் ஊளையிட்டன. சவரி கழுத்தை நீட்டி, உடைந்த ஊதல் மாதிரி ஒரு சத்தம் எழுப்பினான். சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார் நர்சம்மா.

"கொரலு வந்துருச்சு டீச்சர். கேட்டீங்களா, அவங்க கூப்புடுறாங்க, இவன் பதில் சொல்றான்."

முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் அந்தச் சோறு அவருக்கு இறங்கவில்லை.

"கட்டிப் போட்டு வச்சுக்கலாமே" என்றேன்.

"கூப்புடுறது காதுல விழுந்துக்கிட்டே இருக்குமே டீச்சர், அவனுக்கு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவரியோடு வண்டி கட்டிக்கொண்டு, செந்துறை தாண்டி ஒரு புதர்க்காட்டோரம் இறங்கினோம். சவரி போகவில்லை. அவர் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டான். "போடா" என்றார். நகரவில்லை. ஊரே நடுங்கும் அந்தக் குரலை உயர்த்தித் திட்டத் தொடங்கினார். பாதியில் குரல் உடைந்தது. அந்த உடைந்த குரலை அவன் கேட்டதில்லை. பயந்து ஓடினான். புதர் விளிம்பில் ஒரு கணம் நின்று, உள்ளே போய்விட்டான்.

"திரும்பிப் பாத்தானா டீச்சர்? எனக்குக் கண்ணு மறைச்சிருச்சு."

"பாத்தான் நர்சம்மா."



அந்த மாதமே திருச்சிக்கு எனக்கு மாற்றல் வந்தது. எத்தனையோ நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்த ஊர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அதுவரை தனித்தனியாக எரிந்த அடுப்புகளில் ஒன்றை மட்டும் பற்றவைத்து, இரண்டு பேருக்குமாக உலை வைத்தேன்.